17 வயதில் புகழ். 20 வயதில் முடிவு!

திருவண்ணாமலை கார்த்திகை தீபத்தைக் காண லட்சக்கணக்கான மக்கள் கூடுகிறார்கள். மாலை 6 மணிக்கு, 2,668 அடி உயர மலையின் உச்சியில் சுடர் தெரிகிறது. "அண்ணாமலைக்கு அரோகரா!" என்ற குரல் விண்ணை முட்டுகிறது.

மறுநாள் கூட்டம் கலைந்துவிடும். ஆனால் தீபம் 11 நாட்கள் எரிய வேண்டுமே! கொப்பரைக்கு நெய் வேண்டும். அந்த நெய்யைச் சுமந்துகொண்டு மலை ஏறுகிறவர்களை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

அதே ஊரில், பள்ளிக்கூடம் விட்டதும் கிடைத்த இடத்தில் மூன்று குச்சிகளை நட்டுக் கிரிக்கெட் ஆடுகிறார்கள் சிறுவர்கள். ஓரமாக நின்று பார்க்கும் தகப்பனுக்கும் ஆசை வருகிறது. 2025-ம் ஆண்டில் 14 வயதுப் பையன் வைபவ் சூரியவன்ஷி, ஐ.பி.எல். பந்தயத்தில் 35 பந்துகளில் சதம் அடித்தான் அல்லவா? நம் வீட்டுப் பையனும் அப்படி வரமாட்டானா?

வரலாம். வந்த பிறகு என்ன ஆகும்? அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பு சென்னையில் நடந்த ஒரு கதை இருக்கிறது.

அந்தக் கதையின் நாயகன், லட்சுமண் சிவராமகிருஷ்ணன்.

7 விக்கெட், 2 ரன்!

1965-ம் ஆண்டின் கடைசி நாளான டிசம்பர் 31-ந் தேதி சென்னையில் பிறந்தவர் அவர். 12 வயதில் பள்ளிகளுக்கு இடையே நடந்த ஒரு பந்தயத்தில் பந்து வீசினார். 7 பேரை அவுட் ஆக்கினார். கொடுத்தது வெறும் 2 ரன்!

சென்னை கிரிக்கெட் உலகம் திரும்பிப் பார்த்தது.

16 வயதில் ரஞ்சிக் கோப்பைப் பந்தயம். டெல்லி அணியுடன் ஆட்டம். 28 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். மீசை முளைக்காத பையனின் பந்தை அனுபவசாலிகள் தடவித் தடவி ஆடினார்கள்.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவேண்டிய வேகத்தில் நடக்கவில்லை. எல்லாம் ஓட்டமாக நடந்தது. 1983-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள ஆன்டிகுவாவில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். வயது 17. அதுவரை இந்தியாவுக்கு அவ்வளவு சிறு வயதில் யாரும் டெஸ்ட் ஆடியதில்லை. அந்த ஆட்டத்தில் அவருக்கு விக்கெட் கிடைக்கவில்லை.

அவர் வீசியது என்ன?

அவர் வீசியது 'லெக் ஸ்பின்' எனப்படும் சுழல் பந்து. கிரிக்கெட்டில் கற்றுக்கொள்ள மிகவும் கஷ்டமான வித்தை அது.

பம்பரத்துக்குச் சாட்டை சுற்றி விடுகிறோம். சாட்டையை இழுக்கும் நேரத்தில் கை கொஞ்சம் பிசகினாலும் பம்பரம் மண்டையடித்து விழுகிறது. லெக் ஸ்பின்னும் அப்படித்தான். விரலால் அல்ல, மணிக்கட்டால் பந்தைச் சுழற்ற வேண்டும். பந்து மட்டைக்காரரின் காலுக்குப் பக்கத்தில் விழுந்து, அவரைவிட்டு விலகித் திரும்பும். அதே கை அசைவில் 'கூக்ளி' என்று ஒன்று உண்டு. அது எதிர்ப்பக்கமாக, உள்ளே திரும்பும். எது எது என்று மட்டைக்காரருக்குத் தெரியக்கூடாது. தெரிந்துவிட்டால் வித்தை போயிற்று.

இன்னொன்றும் உண்டு. பந்தை உயரத் தூக்கிப் போட வேண்டும். மேலே போன பந்து, மட்டைக்காரர் நினைத்த இடத்துக்கு முன்பாகவே சட்டென்று இறங்க வேண்டும். இதற்குத் துணிச்சல் வேண்டும். ஒரு விரற்கடை தவறினால் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிவிடும்.

சிவராமகிருஷ்ணனுக்கு இவை எல்லாம் வந்தன. வளர்ந்த ஆட்டக்காரர்களே பயந்து பயந்து செய்வதை அவர் விளையாட்டுப் போலச் செய்தார்.

பம்பாயில் பொழிந்த மழை

1984-ம் ஆண்டு நவம்பர் மாதம். நாடே துக்கத்தில் இருந்தது. பிரதமர் இந்திரா காந்தி கொல்லப்பட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. பம்பாயில் டெஸ்ட் பந்தயம் தொடங்குவதற்கு முதல் நாள், அங்கிருந்த பிரிட்டிஷ் துணைத் தூதர் பெர்சி நாரிஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் கலங்கிப் போயிருந்தார்கள். இருந்தாலும் பந்தயம் நடந்தது.

முதல் இன்னிங்ஸில் சிவராமகிருஷ்ணன் 64 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். இரண்டாவது இன்னிங்ஸில் 117 ரன்னுக்கு 6 விக்கெட். ஆக 12 விக்கெட்! மூன்று வருஷமாக டெஸ்ட் பந்தயத்தில் வெற்றி முகமே காணாத இந்தியா, 8 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது.

அடுத்து டெல்லியில் மறுபடியும் 6 விக்கெட். அடுத்தடுத்து மூன்று இன்னிங்ஸில் 18 விக்கெட்.

தமிழ்நாட்டில் சிறுவர்கள் எல்லோரும் மணிக்கட்டைத் திருப்பிக்கொண்டு திரிந்தார்கள்.

1985-ம் ஆண்டு மார்ச் 10-ந் தேதி ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் உலகச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். எதிரி பாகிஸ்தான். அவர்களுடைய பெரிய புள்ளி ஜாவேத் மியான்தத் 48 ரன்னுடன் நிலைத்து நின்றார். சிவராமகிருஷ்ணன் பந்தைத் தூக்கிப் போட்டார். மியான்தத் இறங்கி வந்தார். பந்து அவரை ஏமாற்றிவிட்டுப் போயிற்று. விக்கெட் கீப்பர் சதானந்த் விஸ்வநாத் கண் இமைக்கும் நேரத்தில் ஸ்டம்பைத் தட்டினார். கோப்பை இந்தியாவுக்கு!

சிவராமகிருஷ்ணனுக்கு அப்போது வயது 19.

அடுத்த ஜனவரியில் அவருடைய டெஸ்ட் வாழ்க்கையே முடிந்துவிட்டது.

என்ன நடந்தது?

ஊர்வாய்க்கு மூடி உண்டா? என்னென்னவோ பேசினார்கள். அதை விட்டுவிடுவோம். ஆட்டக் கணக்கே ஓரளவு பதில் சொல்கிறது.

இங்கிலாந்துக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. மைக் காட்டிங் பம்பாயிலேயே இரண்டாவது இன்னிங்ஸில் 136 ரன் எடுத்து, இந்தப் பந்தை ஆட முடியும் என்று காட்டினார். நாளாக ஆக, பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று மற்றவர்களும் படித்துக்கொண்டார்கள். 1985-ம் ஆண்டு ஜனவரியில் சென்னை சேப்பாக்கத்தில், சிவராமகிருஷ்ணனின் சொந்த ஊரில், காட்டிங் 207 ரன்னும் கிரேம் ஃபௌலர் 201 ரன்னும் குவித்தார்கள். இங்கிலாந்து 7 விக்கெட்டுக்கு 652 ரன் எடுத்தது.

அந்தத் தொடரில் அவர் எடுத்தது 23 விக்கெட். முதல் மூன்று இன்னிங்ஸில் 18 என்றால், மீதித் தொடர் முழுவதும் சேர்த்து 5 மட்டுமே! மெல்பர்ன் வெற்றியின் சத்தத்தில் இந்தக் கணக்கு யார் காதிலும் விழவில்லை.

அதன்பின் 3 டெஸ்டுகள். இலங்கையிலும் ஆஸ்திரேலியாவிலும். கிடைத்தது 3 விக்கெட். 1986-ம் ஆண்டு ஜனவரி 2-ந் தேதி சிட்னியில் தொடங்கியதே அவருடைய கடைசி டெஸ்ட். 20 வயது நிறைந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. மொத்தம் 9 டெஸ்ட், 26 விக்கெட். 1987-ம் ஆண்டு உலகக் கோப்பைக்கு ஒருமுறை அழைத்தார்கள். அதோடு சரி.

பந்து வீச்சில் ஒரு தரம் நம்பிக்கை குலைந்தால், லெக் ஸ்பின் வீசுகிறவருக்கு முதலில் போவது அந்தத் துணிச்சல்தான். தூக்கிப் போட மனம் வராது. அடித்துவிடுவானோ என்று பந்தைத் தட்டையாகத் தள்ளுவார். தட்டையாகப் போட்டால் திரும்பாது. திரும்பாவிட்டால் அடிப்பார்கள். அடித்தால் இன்னும் பயம்! இந்தச் சுழலில் இருந்து ஒரு வாலிபன் தானாக வெளியே வருவது லேசான காரியம் அல்ல.

அந்த நாளில் இந்திய அணியுடன் ஒரு மானேஜர் போவார். பயணம், தங்கும் இடம், படிப்பணம் ஆகியவற்றைக் கவனிப்பார். பந்து வீச்சைச் சீர்படுத்த ஒரு ஆசான் கூடவே போகும் வழக்கம் அப்போது இல்லை. பிஷன் சிங் பேடி கிரிக்கெட் மானேஜராகப் போனதே 1990-ம் ஆண்டில்தான். ஜெயித்தால் தோளில் தூக்குவார்கள். தோற்றால் அணியில் பெயர் இருக்காது. நடுவில் ஒன்றும் கிடையாது.

அவர் பட்டது ஆட்டத்தில் மட்டும் அல்ல. தன் நிறத்தைக் காட்டி வாழ்நாள் முழுவதும் தன்னைக் கேலி செய்தார்கள், வேற்றுமை பாராட்டினார்கள், அதுவும் சொந்த நாட்டிலேயே என்று 2021-ம் ஆண்டில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். சொல்வதற்கு அவருக்கு 55 வயது ஆகவேண்டியிருந்தது!

அடி வாங்கிய இன்னொருவர்

1992-ம் ஆண்டு ஜனவரியில் சிட்னியில் இன்னொரு வாலிபர் முதல் டெஸ்ட் ஆடினார். அவரும் லெக் ஸ்பின்தான். இந்தியர்கள் அவரை விளாசித் தள்ளினார்கள். 150 ரன் கொடுத்து ஒரே ஒரு விக்கெட்! அவர் பெயர் ஷேன் வார்ன்.

வார்னுக்கு டெர்ரி ஜென்னர் என்று ஒரு குரு கிடைத்தார். பழைய ஆட்டக்காரர். வாழ்க்கையில் வழுக்கி விழுந்து, சிறைக்கும் போய் வந்தவர். அவர் வார்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பந்து வீச்சைச் செப்பனிட்டார். எப்போது கோளாறு வந்தாலும் வார்ன் அவரிடமே ஓடினார். வார்ன் ஓய்வு பெற்றபோது டெஸ்ட் விக்கெட் 708.

நம் நாட்டு அனில் கும்ப்ளேயும் 19 வயதில், 1990-ம் ஆண்டில் டெஸ்ட் ஆடினார். உடனே நீக்கப்பட்டார். இரண்டு ஆண்டு உள்ளூர்ப் பந்தயங்களில் உழைத்துவிட்டுத்தான் திரும்பி வந்தார். அவர் எடுத்தது 619 விக்கெட். அந்த இரண்டு ஆண்டு சிவராமகிருஷ்ணனுக்கு 16 வயதிலேயே கிடைத்திருந்தால்?

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகியவர். இந்தியாவுக்கு ஆடியபோது அவருக்கு வயது 29. தாமதமாக வந்தது குறையாகிவிடவில்லை.

பிறகு?

சிவராமகிருஷ்ணன் ஆட்டத்தை விட்டு ஓடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பந்து கைவிட்டபோது மட்டையைப் பிடித்துக்கொண்டார். முதல்தரப் பந்தயங்களில் 5 சதம் அடித்தார்! மொத்தம் 154 விக்கெட்டும் எடுத்தார். பின்பு வர்ணனையாளர் ஆனார். 2013-ம் ஆண்டில் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் ஆட்டக் கமிட்டிக்கு ஆட்டக்காரர்களின் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மெல்பர்னில் மியான்தத் ஏமாந்த அந்தப் பந்தை இப்போதும் படத்தில் பார்க்கலாம். வீசியவருக்கு 19 வயது. ஸ்டம்பைத் தட்டிய விஸ்வநாத்துக்கு 22. விஸ்வநாத்தும் 3 டெஸ்டுக்கு மேல் ஆடவில்லை. அவர் பிற்காலத்தில் நடுவராக மைதானத்துக்குத் திரும்பினார். சிவராமகிருஷ்ணன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, அடுத்த தலைமுறைப் பையன்கள் பந்து வீசுவதை வர்ணித்தார்.