வாசகர் கையில் சிலம்பு

"கணினி வேண்டாம் என்றுதானே ஐயா தமிழ் எடுத்தேன்?" என்று கேட்டார் என் மாணவி. இளங்கலைத் தமிழ் வகுப்பில் ஊடாட்டக் கதையாக்கத்தைக் கற்பிக்கத் தொடங்கிய முதல் நாள் அது. பலருடைய அச்சமும் அதுவே.

வாசகர் தேர்ந்தெடுக்கும் வழியில் நகர்வது ஊடாட்டக் கதை. ஓரிடத்தில் கதை நின்று, இனி என்ன செய்வது என்று கேட்கும். அவரது தெரிவுக்கேற்ப அடுத்த பகுதி திறக்கும். 1987இல் மைக்கேல் ஜாய்ஸ் உருவாக்கிய 'ஆஃப்டர்நூன், எ ஸ்டோரி' இவ்வகையின் முன்னோடி. இன்று வகுப்பறைக்குப் பொருத்தமானது, 2009இல் கிறிஸ் கிளைமாஸ் உருவாக்கிய 'ட்வைன்' என்னும் இலவச மென்பொருள். ஒவ்வொரு காட்சியையும் ஒரு பெட்டியில் எழுத வேண்டும். ஒரு சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டால் அடுத்த பெட்டிக்கு வழி பிறக்கும். நிரல்மொழி அறிய வேண்டியதில்லை. தமிழிலேயே எழுதலாம், முடிந்த கதை கைப்பேசி உலாவியிலும் திறக்கும்.

கருவி எளிது, எந்த இடத்தில் கிளை பிரிய வேண்டும் என்று முடிவு செய்வதுதான் கடினம். முதல் ஆண்டில் நானும் தவறினேன். கிளைகளின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் இட்டேன். முடிவுகள் பெருகின, எந்த முடிவுக்கும் பொருளில்லாமல் போயிற்று.

அம்மாணவி சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை எடுத்துக்கொண்டார். அதில் வாசகர்தான் பாண்டியன். பொற்கொல்லன் சொல்லை நம்பிக் காவலரை ஏவுவதா, விசாரிப்பதா? விசாரித்தால் சிலம்பு உடைபடும், உள்ளே மாணிக்கம். அரசியின் சிலம்பில் இருந்ததோ முத்து. கோவலன் பிழைத்தான், நான்கே பெட்டிகளில் காப்பியம் முடிந்தது. வகுப்பு கைதட்டியது. அவர் மட்டும் மகிழவில்லை. "அப்படியென்றால் ஊழ் எங்கே போயிற்று?" என்றார்.

பல்லாண்டுகளாக ஊழ்வினை குறித்துக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. ஊழ் தப்பாது என்பது காப்பியத்தின் பதிகம் சுட்டும் மூன்று உண்மைகளுள் ஒன்று. ஆட்சியில் பிழைத்தவரை அறமே அழிக்கும் என்பது மற்றொன்று. எல்லாம் ஊழ்தான் என்றால் மன்னன் எவ்வாறு குற்றவாளி ஆவான்?

விடை தேடி அவர் கதையைத் திருத்தினார். இப்போது அரசியின் ஊடலைத் தணிக்க விரைவதா, அவையிலேயே இருப்பதா என்பதே முதல் தெரிவு. விரைந்தவருக்கு 'விசாரி' என்ற வழி திரையில் தெரியும். ஆனால் கோடிட்டு அடிக்கப்பட்டிருக்கும், திறக்காது. மனச்சோர்வைப் பேசும் 'டிப்ரஷன் குவெஸ்ட்' என்ற 2013ஆம் ஆண்டுப் படைப்பு கையாண்ட உத்தி இது. வாசகரின் முன்வினையே பின்வழியை அடைத்துவிடுகிறது. ஊழும் பொறுப்பும் ஒரே திரையில் சந்தித்தன.

இதைக் கணினிப் பாடமாக ஒதுக்கிவிடாமல், இலக்கியத் திறனாய்வுத் தாளின் பகுதியாகவே பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும். கிளைகளை எண்ணாமல், ஒவ்வொரு கிளையும் ஏன் அங்கே பிரிகிறது என்று மாணவர் எழுதும் ஒரு பக்க விளக்கத்துக்கே மதிப்பெண் அளிக்க வேண்டும். கணினிக்கு அஞ்சி வந்த அம்மாணவி, அந்த ஒரு பக்கத்தை எழுதுவதற்காகக் கொலைக்களக் காதையை வரி வரியாக மீண்டும் படித்தார். நான் கற்பிக்க விரும்பியதும் அதைத்தான்.