ஜீப் வண்டியின் கைப்பிரேக்கும் அதன் பராமரிப்பும்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன; ஏற்காட்டுப் பாதையில் 20. மரவள்ளிக் கிழங்கு, மிளகு, அன்னாசி முதலியவற்றை ஏற்றி இறங்கும் வண்டிகள் இவ்வழிகளில் அடிக்கடி சரிவில் நிற்க வேண்டியிருக்கிறது. சமவெளியிலும் ஏரிக்கரை, ஆற்றோரச் சரிவு, கிணற்று மேடு ஆகிய இடங்களில் வண்டியை நிறுத்தாத குடியானவர் இல்லை. நிற்கும் வண்டியைக் காப்பது கைப்பிரேக் ஒன்றே. எனினும், கால்பிரேக்கில் காட்டும் சிரத்தையில் பத்தில் ஒரு பங்கையும் நம்மவர்கள் இதில் காட்டுவதில்லை.

6 அடி நீளத்துக்கு 1 அடி உயரும் சரிவில் 1,500 கிலோ எடையுள்ள வண்டியை நிறுத்தினால், ஏறக்குறைய 250 கிலோ எடைக்குச் சமமான விசை அதனைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கும். மேற்கொண்டு 500 கிலோ பாரம் ஏற்றினால் அது 330 கிலோ அளவாகும். வெறும் வண்டியை நிறுத்தும் கைப்பிரேக், பாரவண்டியையும் நிறுத்தும் என்று எண்ணிவிடக் கூடாது.

1941-ல் அமெரிக்க ராணுவத்துக்கென வெளிவந்த வில்லிஸ் ஜீப்பிலும், அவ்வமைப்பைத் தழுவி இந்தியாவில் மஹிந்திரா நிறுவனத்தார் செய்த பழைய ஜீப்புகளிலும், கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸ் என்று பட்டறையில் சொல்லப்படும் துணைப் பல்சக்கரப் பெட்டியின் பின்புறம் ஒரு டிரம் உண்டு. கைப்பிடியை இழுத்தால் அந்த டிரம்மும், அதனோடு பின்சக்கரங்களுக்குச் செல்லும் சுழல்தண்டும் பிடிபடுகின்றன. பின் ஆக்சிலின் பல்சக்கர விகிதம் சுமார் 5-க்கு 1 ஆகையால், தண்டின்மேல் விழும் பிடி சக்கரத்தில் ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது. சேற்று வயலில் சக்கரம் புதைந்தாலும் டிரம் உயரத்தில் இருப்பதால் எளிதில் சேறு படுவதில்லை. மலையிறங்கிக் கால்பிரேக் கொதித்திருக்கும்போதும் இது குளிர்ந்தே இருக்கும். நல்ல அமைப்புதான்.

ஆனால் இவ்வமைப்பில் உயிருக்கே ஆபத்தான குறை ஒன்று உண்டு. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கினால், தண்டு பிடிபட்டிருந்தும், டிபரன்ஷியலின் வழியாக அந்தரத்திலுள்ள சக்கரம் ஒருபுறமும் தரையிலுள்ள சக்கரம் மறுபுறமும் தாராளமாகச் சுழலும். அதாவது, கைப்பிரேக்கை இறுக இழுத்திருந்தும் வண்டி பிரேக் இல்லாத வண்டியாகி ஜாக்கியை விட்டு உருண்டுவிடும். கியரில் போட்டிருந்தாலும் இதே கதிதான். ஏனெனில் கியரும் அதே தண்டைத்தான் பிடிக்கிறது. ஸ்டெப்னி மாற்றுபவர் அச்சமயம் அடியில் கையை நீட்டியிருப்பார். நான்கு சக்கர ஓட்டத்தைப் பூட்டிவிட்டால் முன்தண்டும் சேர்ந்து பிடிபடுவதால் இந்த ஆபத்து பெரிதும் குறையும். முன்சக்கர மையத்தில் தனிப்பூட்டு உள்ள வண்டிகளில் அதையும் பூட்ட வேண்டும். இவ்வளவு செய்தபின்னும், மற்றச் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுக்காமல் ஜாக்கியைத் தொடலாகாது.

கைப்பிரேக் நழுவுகிறதென்றால் பெரும்பாலோர் உடனே கேபிளை முறுக்குகின்றனர். இது தவறான வைத்தியம். கேபிளை மிகைப்பட இறுக்கினால் லைனிங் ஓயாமல் டிரம்மில் உரசிச் சூடேறும். அச்சூட்டில் பக்கத்திலுள்ள ஆயில் சீல் கெடும். கசியும் எண்ணெய் லைனிங்கை நனைக்கும். பிறகு எவ்வளவு இழுத்தும் பயனில்லை. ஆகையால் முதலில் டிரம்மைக் கழற்றி எண்ணெய் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படிந்திருந்தால் சீலை மாற்றி, பெட்டியின் காற்றுத் துவாரம் அடைபட்டிருந்தால் அதையும் சுத்தம் செய்த பின்னரே புது லைனிங் போடுதல் தகும். எண்ணெய் குடித்த லைனிங்கைத் தீயில் காட்டி மீண்டும் மாட்டும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதனால் மிச்சமாகும் பணம் அற்பம். பழைய லைனிங்கில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. ஆதலால் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

சரிசெய்யும் முறை: கேபிளை முழுதும் தளர்த்தி, லைனிங்கை டிரம்முக்கு நெருக்கி, தண்டு தடையின்றிச் சுழலுகிறதா என்று பார்த்தபின்னரே கேபிளின் தொய்வை எடுக்க வேண்டும். கேபிள் உறைக்குள் நீர் புகுந்து துருப்பிடிப்பதால், மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை மசகிடுதல் நலம். பின்பு மிதமான சரிவில் கியரை நீக்கிவிட்டு, கால்பிரேக்கை மெல்லத் தளர்த்திச் சோதிக்கலாம். கட்டையுடன் ஓர் ஆள் பக்கவாட்டில் நிற்கட்டும். மேல்நோக்கி நிறுத்தியும் கீழ்நோக்கி நிறுத்தியும் பார்க்க வேண்டும். ஒரு திசையில் பிடிக்கும் பிரேக் மறு திசையில் நழுவுவதுண்டு.

டிரம்முக்குப் பதிலாக டிஸ்க் பிரேக் வைப்பதும், பிற்கால வண்டிகளைப் போலப் பின்சக்கர டிரம்முக்கே கேபிள் கொண்டுபோவதும் செய்யத்தக்கவையே. லாரிக் கூடு கட்டுவதில் பெயர்பெற்ற நாமக்கல்லில் இரும்பு வேலையறிந்த தொழிலாளருக்குக் குறைவில்லை. ஆயினும் டிஸ்க், தண்டில் இருக்கும்வரை மேற்சொன்ன ஜாக்கி ஆபத்து நீங்காது. சீல் கசிவு நிற்காவிடில் டிஸ்க்கும் நனையும். சக்கரத்துக்கு மாற்றினால் ஜாக்கி ஆபத்து குறையும். ஆனால் சேற்றில் இறங்கியபின் டிரம்மைக் கழுவும் வேலை கூடும். வயலைவிட மலைப்பாதையில் அதிகம் ஓடும் வண்டிக்கு இச்செலவு தகும். பழைய பிரேக் ஒழுங்காகப் பிடிக்கும் வண்டிக்கு அவசியமில்லை என்பது எமது அபிப்பிராயம்.

டிராக்டரைக் குறித்தும் ஒரு வார்த்தை. உழவுக்காகத் தனித்தனியே பிரித்த இரு பிரேக் மிதிகளையும் இணைத்த பிறகே கொக்கியைப் பூட்ட வேண்டும். ஒரு மிதி மட்டும் பிடிபட்டு நிற்கும் டிராக்டரைத் திறந்த கிணற்றருகே விட்டுச் செல்லலாகாது. டிரெய்லருக்குத் தனிப் பிரேக் இல்லாவிடில் அதன் பாரம் முழுவதும் டிராக்டரையே சாரும்.

கட்டை என்பது சக்கர உயரத்தில் கால்பங்காவது உயரமுள்ள, ஆப்பு வடிவான கெட்டி மரமாக இருத்தல் வேண்டும். அதில் கயிறு கட்டி வண்டியிலேயே வைத்துக்கொண்டால், வழியில் கல் தேடவேண்டியதில்லை. மலை வளைவுகளில் முட்டுக்கொடுத்த கல்லைப் பாதையிலேயே போட்டுப் போகின்றனர். இரவில் அதன்மேல் ஏறுவது பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர்.