கேட்ட வினாவும் கேட்டவர் முகமும்

2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம், ஏறத்தாழ ஆறரை இலட்சம் பேர் மூன்று திங்களில் இட்ட இரண்டு கோடித் தேடல்களை ஆய்வாளர்களுக்கென வெளியிட்டது. பெயர்களை நீக்கி எண்களை இட்டிருந்தது. ஓர் எண்ணின்கீழ் நின்ற வினாக்கள் இவை: விரல் மரத்துப்போதல், கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கும் நாய், குறிப்பிட்ட ஓர் ஊரின் தோட்டப் பணியாளர், ஒரே குடும்பப்பெயர் கொண்ட பலர். இவற்றைக் கோத்துப் பார்த்த நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் சில நாள்களிலேயே அவற்றை இட்ட பெண்மணியைக் கண்டறிந்துவிட்டனர். மருத்துவரிடம் சொல்லத் தயங்குவதையும் நாம் தேடுபொறியிடம் கேட்டுவிடுகிறோம். அவ்வினாக்களே நம்மைக் காட்டிக்கொடுக்கின்றன.

நிறுவனங்கள் அவற்றை வீணுக்குச் சேர்க்கவில்லை. முதலில் நிற்கும் பக்கத்தை விடுத்து மூன்றாவதை ஒருவர் சொடுக்கினாலும், சென்ற விரைவில் திரும்பி வேறு சொல் இட்டாலும், பொறி அதைக் குறித்துக்கொண்டு தன் வரிசையைத் திருத்துகிறது. கூட்டம் பெருகப் பெருகப் பொறி கூர்மையடையும். கூர்மை கண்டு மேலும் கூட்டம் சேரும். உலாவிகளிலும் கைப்பேசிகளிலும் தன் பொறியே முன்னிற்பதற்காகக் கூகுள் 2021இல் மட்டும் 2,630 கோடி டாலர் செலுத்தியது. அந்நிறுவனம் தன் முற்றுரிமையைச் சட்டத்துக்குப் புறம்பாகக் காத்துவந்தது என 2024 ஆகஸ்டில் அமெரிக்க நடுவர் அமித் மேத்தா தீர்ப்பளித்தார்.

ஒரே பொறி நிலைத்துவிட்டால் அது எதை விலக்குகிறது என்பது எவர்க்கும் புலப்படாது. கூகுள் 2006இல் சீனாவுக்கெனத் திறந்த தளத்தில் தியானன்மென் படங்களைத் தேடியவர்க்குச் சதுக்கமும் சுற்றுலாப் பயணிகளும் தோன்றின. அதன் அமெரிக்கத் தளத்திலோ, அச்சதுக்கத்தில் மாணவர் போராட்டத்தை ஒடுக்க வந்த பீரங்கி வண்டிகள் தோன்றின. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்க்கே மறைக்கப்பட்டது எதுவெனத் தெரிந்தது. போட்டி வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

2025 செப்டம்பரில் மேத்தா இட்ட ஆணைப்படி, கூகுள் தன் தேடல் தரவில் ஒரு பகுதியைத் தகுதியுள்ள போட்டியாளர்களுக்குத் தரவேண்டும். சிக்கல் இங்கேதான். பல்லாயிரவர் கேட்ட வினாவைக் கைமாற்றுவதால் எவர்க்கும் தீங்கில்லை. ஆயின் அதற்குச் சிறிய பொறியும் நல்ல விடை தந்துவிடும். அரிய நோயையோ சிற்றூர்க் கடையையோ ஒருவர் தேடும்போதுதான் அது தடுமாறுகிறது. ஆளை அடையாளங்காட்டுவதும் அத்தகைய அரிய வினாவே. எனவே ஒருவர் கேட்டவை கோவையாகத் தொடராதபடி பிரித்து, ஆட்பெயரையும் முகவரியையும் களைந்து, மிகச் சிலரே கேட்டவற்றை முற்றும் நிறுத்திவைத்த பின்பே தரவேண்டும். அதனால் புதிய பொறிகளின் வளர்ச்சி சற்றுத் தாழ்க்குமெனில், அவ்விழப்பை நாம் ஏற்கலாம் என்பதே என் துணிபு.