அயல்நாட்டு மாணவரும் கிறித்தவர் விருந்தோம்பலும்

விருந்து என்னுஞ் சொல் பழந்தமிழிற் புதுமையைக் குறித்து நின்றது. செய்யுளுக்குரிய வனப்பு எட்டனுள் ஒன்றற்குத் தொல்காப்பியர் விருந்து எனப் பெயரிட்டமையும் அப்பொருள் பற்றியே. புதுமையைக் குறித்த சொல் புதியராய் வந்தாரைக் குறிக்கலாயிற்று. வந்தார்க்கு இடும் உணவைக் குறித்தது அதற்கும் பிந்திய வளர்ச்சி. இன்று நாம் உற்றாரையும் உறவினரையும் அழைத்து உண்பித்தலையே விருந்து என்கிறோம். சொல்லுக்கு உரிமையுடைய புதியவர் அப்பந்தியிற் பெரும்பாலும் இல்லை. கிறித்தவ மறையின் கிரேக்க மூலத்தில் இவ்வறத்தைக் குறிக்கும் சொல் ‘பிலொக்செனியா’ என்பது. அயலார்மாட்டுக் கொள்ளும் அன்பு என்பது அதன் பொருள். தமிழ் வேதாகமம் இதனை அந்நியரை உபசரித்தல் என்று பெயர்த்தது. அந்நியர் என்பதினும் விருந்து என்பது மூலத்துக்கு நெருங்கியது என்பது எம் கருத்து. ஆயினும் அச்சொல் உறவினர் பந்தியைக் குறிக்கத் தொடங்கியபின், பெயர்த்தோர் அதனை விலக்கியதிலும் ஒரு நியாயம் உண்டு.

அயலார் பலருள்ளும் தனித்து நோக்கத் தக்கவன் கல்வி கருதிப் பிறநாடு சென்ற மாணவன். வழிப்போக்கன் இரண்டொரு நாளில் அகன்றுவிடுவான். குடியேறியவன் காலப்போக்கில் ஊரோடு ஒன்றிவிடுவான். மாணவனோ ஆண்டுகள் சில தங்குகின்றான். தங்கியும் ஊரான் ஆகான். அவனுக்கு உறையுளும் உணவும் தோழமையும் அளித்தலைக் கிறித்தவ அமைப்புக்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனிப்பணியாகக் கொண்டன. அவ்வரலாற்றில் தமிழர் இருவர்க்குப் பெரும்பங்கு உண்டு. அவருள் ஒருவர் பொருநைக் கரைக்கு உரியவர்.

தச்சநல்லூரிலிருந்து தெற்கே வந்து, சுலோசன முதலியார் தம் பொருள் கொண்டு கட்டுவித்து 1843இல் முடிந்த பாலத்தின்வழித் தாமிரபரணியைக் கடப்பார் பாளையங்கோட்டையை அடைவர். அங்கே 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தாருள் முதன்மையானவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரிற் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பயின்று, ஒய்.எம்.சி.ஏ. என வழங்கும் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் செயலாளராய் மாணவரிடையே பணியாற்றியவர். பின்னர் 1912இல் தோர்ணக்கல் பேராயராய் அமர்ந்து, ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆயினார். மாணவர் பணியே அவரை உலகறியச் செய்த பேச்சுக்கு அடிப்படை இட்டது எனலாம்.

அப்பேச்சு 1910ஆம் ஆண்டு சூன் திங்களில் எடின்பரோவில் கூடிய உலகச் சமயப்பணி மாநாட்டில் நிகழ்ந்தது. பேராளர் 1,200க்கு மேற்பட்டோர். அவருள் ஆசியத் திருச்சபையினர் இருபதின்மர் அளவினரே. அவர்முன் எழுந்த அசரியா, வெளிநாட்டுப் பணியாளர்க்கும் இந்தியப் பணியாளர்க்கும் இடையே உள்ள உறவு இருக்கவேண்டியவாறு இல்லை என்று வெளிப்படையாகக் கூறினார். ஈகையும் உயிர்த்தியாகமும் உண்டு, நட்பு இல்லை என்பது அவர் முறையீட்டின் சாரம். அவையிற் சிலர்க்கு அஃது உவப்பாக இல்லை. ஈண்டுக் கருதத்தக்கது அவர் கொண்ட ஒரு நுண்ணிய வேறுபாடு. கைகுலுக்கலையும் நாற்காலியையும் தேநீரையும் சிற்றுண்டியையும் அவற்றின் பொருட்டே தாம் வேண்டவில்லை என்றும், அவை நட்பின் புறச்சான்றாக வருமாயின் அவற்றையும் அவற்றினும் மிக்கனவற்றையும் வேண்டுவதாகவும் அவர் உரைத்தார். உபசாரம் வேறு, விருந்தோம்பல் வேறு என்பதை இதனினும் தெளிவாக உரைத்தல் அரிது. இருக்கை அளித்தவன் தான் மேலிருக்கையில் அமர்ந்தே அளிப்பானாயின் அஃது உபசாரம்.

ஒன்றை மறைத்தல் கூடாது. ஒரே பந்தியில் உண்ணுதல் என்னும் வினா வெள்ளையரும் இந்தியரும் சந்தித்த இடத்தில் மட்டும் எழுந்ததன்று. தமிழ்நாட்டுத் திருச்சபைகளிற் சாதி வேறுபாடு கருதித் தனித்து உண்ணலும் தனித்து இருத்தலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுதும் பூசலுக்கு இடமாயின. அவ்வேறுபாடுகளை ஒழிக்குமாறு கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் 1833இல் விடுத்த ஆணையைப் பலர் ஏற்க மறுத்தனர். மேனாட்டார் மேசையில் இடம் கேட்ட சமூகம், தன் பந்தியில் தானே இடம் மறுத்ததும் உண்டு. எனவே அசரியாவின் சொல் எடின்பரோவில் இருந்தோர்க்கு மட்டும் உரியதாகாது.

இனி இலண்டன் நிலையை நோக்குவாம். அக்காலத்து அந்நகரில் இந்திய மாணவர்க்கென எழுந்த இல்லங்கள் அவற்றை நடத்தினோரின் நோக்கத்தைத் தாங்கி நின்றன. 1905இல் சியாம்ஜி கிருஷ்ணவர்மா ஹைகேட்டில் இந்தியா இல்லத்தைத் திறந்தார், நம் வ.வே.சு. ஐயர் பழகிய இல்லம் அது. உணவும் உறையுளும் அங்கு உண்டு. நாட்டு விடுதலைக் கிளர்ச்சியும் உண்டு. 1909இல் மதன்லால் திங்ரா, கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றபின் அவ்வில்லம் மறைந்தது. அதே ஆண்டில் அரசாங்கம் இந்திய மாணவர்க்குரிய செய்திக் கூடம் ஒன்றை ஏற்படுத்தியது. அடுத்த ஆண்டில் அது கிராம்வெல் சாலை 21ஆம் எண் மனையில் இடம்பெற்றது. புதிதாய் வந்தோர் சில நாள் தங்க அங்கு வசதி இருந்தும், மாணவரிற் பலர் அதனை ஒற்றர் மனையாகவே கருதினர். அவர் ஐயம் எவ்வளவு பொருந்தும் என்பது வேறு ஆராய்ச்சி. ஐயம் புகுந்த மனையில் விருந்து இல்லை என்பது மட்டும் உறுதி. ஏனையோர்க்குக் கூலிக்கு இடந்தரும் வீடுகளே கதி. நிறங்கருதிக் கதவடைத்த மனைக்காரிகளைப் பற்றிய செய்திகள் அக்காலப் பதிவுகளிற் பல.

இந்நிலையில் வந்தவர் கனகராயன் திருச்செல்வம் பால். சுருக்கமாகக் கே.டி. பால் என அறியப்பட்டவர். 1876இற் சேலத்திற் பிறந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரி மாணவர். 1905இற் செராம்பூரிற் பிறந்த தேசிய மிஷனெரி சங்கத்தில் அசரியாவுடன் உழைத்து, அவருக்குப்பின் அதன் செயலாளர் ஆனவர். 1916இல் இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் பொதுச் செயலாளராக அமர்ந்த முதல் இந்தியரும் அவரே. முதல் உலகப்போர் முடிந்தபின் இந்திய மாணவர் இலண்டனுக்குப் பெருகிச் செல்வதைக் கண்டு, அவர்க்கென ஒரு மாணவர் சங்கமும் விடுதியும் அமைக்க முனைந்தார். 1920இல் அது தொடங்கியது. இடம் கிடைத்த வரலாறு சுவையுடையது. சேக்சுபியர் நினைவாகத் தேசிய நாடக அரங்கு ஒன்று எழுப்ப வாங்கிய நிலம் புளூம்சுபரியில் வெறுமையாய்க் கிடந்தது. போர்க்காலத்தில், 1916இல், நியூசிலாந்து வீரர் தங்குதற்கு அங்கே மரக்கொட்டகை ஒன்று எழுந்தது. சேக்சுபியர் குடில் என்பது அதன் பெயர். போர் முடிந்தபின் அக்குடிலில் இந்திய மாணவர் புகுந்தனர். பின் 1923இல் விடுதி கோவர் தெருவுக்குப் பெயர்ந்தது.

இவ்விடுதிக்கு முன்னிருந்த இல்லங்களினின்றும் இதனை வேறுபடுத்தியது யாது? கட்டடம் அன்று, உணவும் முழுமையாக அன்று. வீட்டுக்காரன் யார் என்பதே. இந்தியாவிலுள்ள சங்கம், இந்தியர் தலைமையில், அயல்மண்ணில் இல்லம் எடுத்துத் தம் மாணவரை வரவேற்றது. இந்து, முசுலிம், கிறித்தவர் என்னும் வேறுபாடின்றி யாவரும் தங்கினர். ஆங்கிலேய நண்பர் அங்கு வந்தபோது அவரே விருந்தினர். எடின்பரோவில் அசரியா வேண்டிய நாற்காலியைப் பால் கேட்டுப் பெறவில்லை; தாமே போட்டு, பிறரை அமரச் செய்தார். அவர் 1930இல் முதல் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்று, 1931இல் மறைந்தார்.

அமெரிக்காவில் இப்பணி பிறிதொரு வழியிற் சென்றது. 1909இல் நியூயார்க்கில், கொலம்பியாப் பல்கலைக் கழக நூலகப் படிகளில், ஒய்.எம்.சி.ஏ. ஊழியர் ஆரி எட்மண்டு சீன மாணவர் ஒருவர்க்குக் காலை வணக்கம் கூறினார். தாம் அந்நகர் வந்து வாரங்கள் ஆகியும் தம்மோடு எவரும் பேசியதில்லை என அம்மாணவர் சொல்ல, எட்மண்டும் அவர் மனைவியும் அயல்நாட்டு மாணவரைத் தம் வீட்டுக்கு அழைக்கலாயினர். அவ்வழைப்பு வளர்ந்து, ராக்பெல்லர் குடும்பத்தின் பொருளுதவியால், 1924இல் பன்னாட்டு மாணவர் இல்லமாக நிலைபெற்றது. நன்முயற்சிதான், ஆயினும் அங்கு வீட்டுக்காரர் இறுதிவரை அமெரிக்கரே.

சமயம் பரப்பும் கருத்தோடு இடும் சோறு விருந்து ஆகுமா என்னும் வினாவைத் தவிர்த்தற்கில்லை. இச்சங்கங்கள் கிறித்தவ நோக்கத்தை மறைத்தன அல்ல. தன் நம்பிக்கையைப் பற்றி நண்பனிடம் வாய்திறவாதிருத்தல் நட்புக்கு இலக்கணமும் அன்று. ஆனால் தூண்டிலில் இட்ட இரையை மீன் அறியாதிருக்கலாம், மாணவன் அறிவான். எம் நோக்கில் சோதனை எளிது: அழைத்தவரின் சமயத்தை ஏலாது நின்ற மாணவனுக்கு அடுத்த ஞாயிறும் அவ்வீட்டில் இலை உண்டா என்பதே அது. விடுதியிலோ, தங்கினோர் பலர் கிறித்தவரல்லர் ஆதலின் இச்சோதனை நாள்தோறும் நிகழ்ந்தது. கோவர் தெரு இல்லம் நீடித்தமை அதன் விடையை ஒருவாறு காட்டும்.

எடின்பரோவிலோ, அசரியா பேசிப் பதினேழு ஆண்டு கழிந்து, 1927இல், உணவகங்கள் சிலவும் நடன அரங்குகள் சிலவும் இந்தியர் முதலிய நிறமுடைய மாணவரை உள்ளே விட மறுத்தன. மாணவர் எதிர்த்தனர், செய்தி பாராளுமன்றம் வரை சென்றது. மாநாட்டு மண்டபத்திற் பெற்ற பாராட்டு தெருவிலுள்ள கதவைத் திறக்கவில்லை.

இரண்டாம் உலகப்போரில் கோவர் தெரு விடுதி குண்டுக்கு இரையாயிற்று. கட்டடக் கலைஞர் ரால்பு டப்சு வகுத்த புதிய மனை பிட்சுராய் சதுக்கத்தில் 1953இல் திறக்கப்பட்டு இன்றும் நடைபெறுகின்றது. சேக்சுபியர் குடில் நின்ற நிலத்தில் இன்று உள்ளது வெப்பநாட்டு மருத்துவக் கல்லூரி. ‘பிலொக்செனியா’வின் பகுதியாகிய ‘க்செனொசு’ என்னும் கிரேக்கச் சொல் அயலானையும் விருந்தினனையும் விருந்து ஏற்பவனையும் ஒருங்கே குறிக்கும். உரோமர்க்கு எழுதிய நிருபத்தின் இறுதி அதிகாரத்தில் பவுல் தமக்கு இல்லந்தந்த காயுவை அச்சொல்லாலேயே சுட்டுகின்றார். தமிழ் வேதாகமம் அவ்விடத்தில் உபசரிக்கிறவர் என்னும் பொருள்படப் பெயர்த்தது. அயலாராய்ச் சென்று அயல்மண்ணில் வீட்டுக்காரரான பாலுக்குக் கிரேக்கத்தில் அவ்வொரு சொல் போதும். தமிழில் விருந்து என்றும் விருந்தோம்புவோர் என்றும் இரண்டு வேண்டும்.