பெயர் பொறித்த பணி

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் மன்னனின் கொடையை மட்டும் கூறுவன அல்ல. அங்குப் பணிபுரிந்தோரின் பதிவேடாகவும் விளங்குகின்றன. முதலாம் இராசராசன் திருவாரூர், நாகப்பட்டினம் முதலிய ஊர்களின் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொணர்ந்து தஞ்சையில் குடியமர்த்தினான். ஒவ்வொருவரின் பெயரும், முன்பு பணியாற்றிய கோயிலும், குடியிருந்த தெருவும் வீடும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. பங்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல், ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளந்து வழங்கப்பட்டது. பணியாளர் இறப்பினும் வேற்றூர் செல்லினும், அவருடைய நெருங்கிய உறவினர் தகுதியுடையவராயின் அப்பணியையும் பங்கையும் பெறலாம். இசைஞர், கணக்கர், தச்சர், நாவிதர் போன்றோர்க்கும் இவ்வாறே பங்குகள் வகுக்கப்பட்டன.

நிறைவும் ஈடுபாடும்

இப்பதிவில் மூன்று கூறுகளைக் காணலாம். அளவு குறித்த ஊதியம், பணிப் பாதுகாப்பு, பெயரறிந்து போற்றும் மதிப்பு என்பன அவை. ஆயினும், அப்பெண்டுகளுள் எத்தனை பேர் விரும்பி வந்தனர் என்பதைக் கல்வெட்டு கூறவில்லை.

அமெரிக்க உளவியலாளர் பிரெடரிக் எர்ஸ்பெர்க் பொறியாளர்களையும் கணக்கர்களையும் ஆராய்ந்து, 1959இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஊதியம், பாதுகாப்பு, பணிச்சூழல் ஆகியவை குறையின் மனக்குறை பிறக்கும். அவை நிறையின் அக்குறை நீங்குமேயன்றி ஊக்கம் தானே பிறந்துவிடாது. செய்து முடித்த நிறைவு, பாராட்டு, பொறுப்பு, வளர்ச்சி ஆகியவையே ஊக்கத்தை வளர்க்கும் என்பது அவர்தம் முடிவு. மனக்குறையின்மை வேறு, ஈடுபாடு வேறு என்பதை இதனால் உணரலாம்.

ஊராட்சியில் ஒரு நாள்

காவிரிப் படுகையின் கடைமடைச் சிற்றூர் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை இயக்குபவர் விடியுமுன் மின்விசையைத் தொடக்குகிறார், தொட்டியைத் தூய்மை செய்கிறார், குளோரின் கலக்கிறார். தம் உழைப்பின் பயனைத் தெருக்குழாயில் அவர் நேரில் காண்கிறார். பெருமிதம் கொள்ளத்தக்க பணியே அது. ஆனால், ஊதியம் உரிய நாளில் வாராவிடினும், பழுதான மின்விசையைச் சீர்செய்யப் பொருள் கிட்டாவிடினும், குழாய் வறண்ட நாளில் வசைமொழி அவரையே சேரும். பொறுப்பு அவரிடமும், அதனை நிறைவேற்றும் வழி பிறரிடமும் இருப்பின் ஈடுபாடு தேயும். தூய்மைப் பணியாளருக்குக் கையுறையும் காலணியும் வழங்காமல் பாராட்டு மட்டும் வழங்குவதும் பயன் தராது.

திருக்குறளில் ‘தெரிந்து வினையாடல்’ ஓர் அதிகாரமாகவே அமைந்துள்ளது. தகுதியறிந்து பணியை ஒப்படைத்தல் ஆள்வோர் கடமை. உள்ளாட்சியில் அக்கடமை மக்களுக்கும் உண்டு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. வரவுசெலவு அங்கு ஆராயப்படும்போது, நம் ஊர்ப் பணியாளர்க்கு ஊதியமும் கருவிகளும் காலத்தில் கிடைத்தனவா என்றும் வினவலாம். அதற்குமுன், நம் தெருவைத் துப்புரவு செய்பவரின் பெயரை நாம் அறிந்திருக்கிறோமா எனத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது நன்று.