கத்தும் கித்தாருக்கு மெழுகு வைத்தியம்!
வீட்டிலேயே செய்யலாம்; ஆனால் அடுப்பில் கவனம் தேவை

பள்ளிகொண்டா, வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே பாலாற்றங்கரையில் இருக்கிறது. அரங்கநாதர் பள்ளிகொண்டிருப்பதால் ஊருக்கு அந்தப் பெயர். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மின்சாரக் கித்தார் "கீ...ச்" என்று கத்தினால் எப்படி இருக்கும்? தெருவே காதைப் பொத்திக்கொள்ளும்!

"வாசிக்கத் தெரியாமல் வாசிக்கிறான்" என்று வீட்டார் பையனைத் திட்டுவார்கள். "பணம் வீண்" என்று அப்பா கோபிப்பார். கித்தார் பரண்மேல் ஏறிவிடும்.

பல நேரங்களில் குற்றம் பையன்மேல் இல்லை. கித்தாருக்குள் இருக்கும் ஒரு சிறு கம்பிச் சுருள்மேல்தான் குற்றம். அதைச் சரி செய்ய முடியும்.

கித்தாரின் காது

சாதாரணக் கித்தாரில் மரப்பெட்டி ஒலியைப் பெருக்குகிறது. மின்சாரக் கித்தாரில் அந்த வேலை ஆம்ப்ளிஃபயருக்கு. 1932-ல் அமெரிக்காவில் இந்த வகைக் கித்தார் விற்பனைக்கு வந்தது. அது பார்ப்பதற்கு வாணலி போல இருந்ததால், அதற்கு "வாணலி" என்றே பட்டப்பெயர் வந்தது!

இந்தக் கித்தாரின் தந்திகளுக்குக் கீழே "பிக்-அப்" என்ற கருவி இருக்கிறது. அதில் இருப்பவை இரண்டே பொருள்கள். ஒன்று காந்தம். மற்றொன்று, அதைச் சுற்றிய செப்புக் கம்பி. கம்பி தலைமுடி போல மெல்லியது. சில பிக்-அப்புகளில் ஏறக்குறைய 8,000 சுற்றுகள் இருக்கும்.

எஃகுத் தந்தி அதிர்கிறது. காந்தப் புலம் அசைகிறது. சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த உண்மை இதுதான். அந்தச் சிறு மின்சாரத்தை ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்கி, ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது.

கத்துவது ஏன்?

திருவிழாவில் மைக் செட் "கூ..." என்று ஊளையிடுவதைக் கேட்டிருப்பீர்கள். ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் நுழைகிறது. அது மேலும் பெருகி ஸ்பீக்கர் வழியாக வருகிறது. மறுபடியும் மைக்குக்குள் நுழைகிறது. இப்படியே சுற்றிச் சுற்றி வளர்ந்து ஊளையாகிறது.

கித்தாரிலும் இதே கதைதான். சுருளின் கம்பிகள் தளர்ந்திருந்தால், ஸ்பீக்கர் சத்தத்தில் அவையும் அதிரும். அப்போது பிக்-அப்பே ஒரு மைக் ஆகிவிடுகிறது.

இந்த ஊளையைக் கலையாக்கியவர்களும் உண்டு. 1964-ல் பீட்டில்ஸ் குழுவினர் ஒரு பாட்டையே இப்படிப்பட்ட ஒலியுடன் தொடங்கினார்கள். 1967-ல் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மேடையில் வேண்டுமென்றே கித்தாரை ஊளையிட வைத்தார். வேண்டும்போது வந்தால் அது இசை. வேண்டாதபோது வந்தால் தொல்லை!

நோய் எங்கே?

வைத்தியத்துக்கு முன் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும்.

உள்ளங்கையால் எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடியுங்கள். ஊளை நின்றுவிட்டதா? அப்படியானால் அதிர்வது தந்திதான். ஸ்பீக்கரை விட்டு விலகி நில்லுங்கள். ஒலியைக் குறையுங்கள். செலவே இல்லை.

தந்தியைப் பிடித்தும் கத்துகிறதா? பென்சிலால் பிக்-அப்பை மெல்லத் தட்டுங்கள். "டொக், டொக்" என்று ஸ்பீக்கரில் பலமாகக் கேட்டால், அல்லது பிக்-அப் அருகே நீங்கள் பேசுவது ஸ்பீக்கரில் கேட்டால், நோய் பிக்-அப்பில்தான்.

முதலில் அதன் திருகாணிகளைப் பாருங்கள். மேல்மூடி ஆடுகிறதா என்றும் பாருங்கள். அவற்றை இறுக்கினாலே சில கித்தார்கள் அடங்கிவிடும்.

"ம்ம்ம்" என்று தாழ்ந்த இரைச்சல் கேட்பது வேறு நோய். அது மின்சார இரைச்சல். அதற்கு மெழுகு மருந்தல்ல.

மெழுகு வைத்தியம்

தோல் தைப்பவர்கள் நூலுக்குத் தேன்மெழுகு தடவுவது ஆம்பூர் வட்டாரத்தில் பலருக்குத் தெரியும். தையல் நெகிழாமல் இருக்க அது உதவுகிறது. கித்தாருக்கும் அதே மெழுகுதான் மருந்து.

நாலு பங்கு பாரஃபின் மெழுகு, ஒரு பங்கு தேன்மெழுகு எடுத்துக்கொள்ளுங்கள். பாரஃபின் மட்டும் போட்டால் ஆறியதும் வெடிப்பு விழலாம். தேன்மெழுகு அதற்கு நெகிழ்ச்சி தருகிறது.

கித்தாரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றுங்கள். எந்தக் கம்பி எங்கே சேருகிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டு, பிக்-அப்பைப் பிரித்தெடுங்கள். சால்டரிங் தெரியாவிட்டால் ரேடியோ, டி.வி. பழுது பார்ப்பவரிடம் கொடுக்கலாம்.

ஒரு பாத்திரத்தில் வெந்நீர். அதற்குள் ஒரு சிறு டப்பா. அந்த டப்பாவில் மெழுகு. இப்படித்தான் உருக்க வேண்டும். வெப்பமானி வைத்துப் பாருங்கள். சூடு 65 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பிக்-அப்பின் பிளாஸ்டிக் வளைந்துவிடலாம்.

பிக்-அப்பை நூலில் கட்டி, டப்பாவின் அடியில் படாமல் மெழுகில் இறக்குங்கள். வடை போட்டதும் எண்ணெயில் குமிழி வருவதுபோல, இதிலும் சிறு சிறு குமிழிகள் வரும். கம்பிகளின் இடுக்கில் இருக்கும் காற்றுதான் அது. காற்று வெளியேறிய இடத்தில் மெழுகு புகுந்துகொள்ளும்.

15 முதல் 20 நிமிடத்தில் குமிழி நிற்கும். வெளியே எடுத்து, மேலே உள்ள மெழுகைத் துடையுங்கள். நன்றாக ஆறவிட்டுப் பழையபடி பொருத்துங்கள். மெல்லிய கம்பியை இழுத்துவிடாதீர்கள். அறுந்தால் பிக்-அப்பே போய்விடும்!

எச்சரிக்கை!

மெழுகை நேரடித் தீயில் வைக்காதீர்கள். அதிகச் சூடானால் தீப்பிடிக்கும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தீ பொங்கிச் சிதறும். அடுப்பை அணைத்து, டப்பாவை உலோக மூடியால் மூடுங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். மீந்த மெழுகைச் சாக்கடைக் குழாயில் ஊற்றாதீர்கள், அடைத்துக்கொள்ளும்.

ஆம்ப்ளிஃபயரைத் திறக்க வேண்டாம். வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயரில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைக் குடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கலாம்.

மிகப் பழைய, விலை உயர்ந்த கித்தார் என்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம். தேர்ந்தவரிடம் காட்டுங்கள்.

ராணிப்பேட்டை தந்த கலைஞர்

"நம் ஊரில் கித்தார் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. இதே தோல் தொழில் வட்டாரத்தில் இருக்கும் ராணிப்பேட்டையில் 1970-ல் பிறந்தவர் பிரசன்னா. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். மின்சாரக் கித்தாரில் கர்நாடக இசை வாசித்து உலகப் புகழ் பெற்றார். ஆஸ்கார் பரிசு வென்ற "ஸ்மைல் பிங்கி" என்ற குறும்படத்துக்கு இசையமைத்தவரும் அவரே.

பையனின் கித்தார் பரண்மேல் கிடக்கிறதா? கீழே இறக்குங்கள். அவனைத் திட்டுவதற்கு முன், ஒரு பென்சிலால் தட்டிப் பாருங்கள்!