எறிகின்ற ஒளியும் எரிகின்ற ஒளியும்

பேராதனையிற் புறப்பட்டு நுவரெலியா, பதுளை வழியாக மலையிறங்கி வருகின்ற ஏ-5 நெடுஞ்சாலை மட்டக்களப்பு–திருகோணமலை வீதியோடு கலக்குமிடத்தில் அமைந்த செங்கலடியிலும், அதன் அயலிலுள்ள கொம்மாதுறை, வந்தாறுமூலை முதலிய ஊர்களிலும், கோயிற் சடங்கானாலும் கல்யாண வீடானாலும் பாடசாலைப் பரிசளிப்பு விழாவானாலும், ஒலிபெருக்கிக்காரர் வந்திறங்கும் லொறியில் இப்பொழுதெல்லாம் கறுப்பு நிறச் சதுரப் பெட்டிகள் சிலவும் கூடவே வந்திறங்குகின்றன. பெட்டியொன்று அரை மீற்றர் நீளமும் அரை மீற்றர் அகலமும் உடையது. இரும்புச் சட்டத்தின்மேல் அவற்றை ஒன்றோடொன்று கொளுவி, வயர்களைப் பொருத்தி, பின்புறத்தில் ஜெனரேற்றரை இயக்கிவிட்டால், சற்று முன்னர் வெறும் வெளியாகக் கிடந்த இடத்திலே பத்தடி பன்னிரண்டடி அகலத்திற் படம் ஓடத் தொடங்கிவிடுகிறது. இதனை எல்ஈடி திரை என்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன்வரை இத்தகைய வைபவங்களில் வெள்ளைச் சீலை கட்டிப் புரொஜெக்டர் வைத்துப் படங்காட்டிய வழக்கம் மெல்ல மறைந்துவருவதைப் பார்க்கும்போது, பழையதை அடியோடு தள்ளிவிட்டுப் புதியதையே கொண்டாட வேண்டுமா என்ற வினா எழுவது இயல்பே.

இப்பெட்டிகள் நம்மூர் மணலை மிதிப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே, தூர தேசங்களின் வர்த்தகக் கண்காட்சி மண்டபங்களில் அவற்றின் சரித்திரம் ஆரம்பமாகிவிட்டது. ஐஎஸ்ஈ என்று சுருக்கமாக வழங்கும் கண்காட்சி 2004ஆம் ஆண்டு ஜெனீவாவில் தொடங்கி, நெடுங்காலம் ஆம்ஸ்டர்டாமில் நடந்து, 2021இல் பார்சிலோனாவுக்கு இடம்பெயர்ந்தது. 2025இல் 85,000க்கு மேற்பட்டோர் அதனைக் காண வந்தனர். அமெரிக்காவில் இன்ஃபோகொம் என்ற கண்காட்சி லாஸ் வேகாஸிலும் ஒர்லாண்டோவிலும் மாறிமாறி நிகழ்கிறது. அதன் இந்தியக் கிளை 2013 முதல் மும்பையிற் கூடுகிறது. லாஸ் வேகாஸில் ஆண்டுதோறும் நடைபெறும் சீஈஎஸ் கண்காட்சியிலே, 2012ஆம் ஆண்டு சோனி நிறுவனம் இலட்சக்கணக்கான நுண்ணிய எல்ஈடிகளை வைத்து 55 அங்குலத் தொலைக்காட்சி ஒன்றைக் காட்டியது. 2018இல் சாம்சங் நிறுவனம் துண்டு துண்டாக இணைக்கத்தக்க 146 அங்குலத் திரையைச் சுவரளவு நிறுத்தி, அதற்குச் சுவர் என்றே பெயரும் சூட்டியது. செங்கலடியிற் கொளுவப்படும் பெட்டிகளும் அதே குலத்தவைதாம். விலையிலும் நுண்மையிலும் மாத்திரம் பல படிகள் கீழே நிற்பவை.

பெரிய படத்தைப் பலர் கூடியிருந்து பார்ப்பதற்கு மனிதன் கண்ட வழிகள் அடிப்படையில் இரண்டே. ஓரிடத்தில் ஒளியை உண்டாக்கி மற்றோரிடத்திலுள்ள பரப்பின்மேல் எறிவது ஒன்று. பரப்பு முழுவதையும் விளக்குகளாலேயே நிரப்பி, ஒவ்வொரு விளக்கையும் வேண்டிய நிறத்தில் எரியச் செய்வது மற்றொன்று. முன்னது புரொஜெக்டர், பின்னது எல்ஈடி திரை. அண்மைக் காலத்துக் கண்காட்சிகளிலே நிகழ்ந்துவரும் பெரும்போட்டி இவ்விரண்டுக்கும் இடையிலேதான்.

எறிகின்ற ஒளியின் கதை சுவையானது. திரைப்படச் சுருளின் உதவியின்றித் தொலைக்காட்சிச் சமிக்ஞையையே பெருந்திரையில் விழச் செய்யவேண்டும் என்று, 1939ஆம் ஆண்டளவில் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரத் தொழில்நுட்ப உயர்கல்லூரியிலே ஃபிரிட்ஸ் ஃபிஷர் என்னும் பேராசிரியர் ஐடோஃபோர் என்ற யந்திரத்தைக் கற்பனை செய்தார். காற்று நீக்கிய அறைக்குள்ளே மெல்ல மெல்லச் சுழலும் கண்ணாடியொன்றின்மேல் எண்ணெய்ப் படலத்தைப் பூசி, அப்படலத்தை இலத்திரன் கற்றையால் நெளியச் செய்து, அந்நெளிவுகளின் மீது வலிய விளக்கின் ஒளியைப் பாய்ச்சிப் படமாக்கிய விந்தை அது. அதன் முழு வெற்றியைக் காணாமலே 1947இல் ஃபிஷர் மறைந்தார். ஆயினும், சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய அப்பலோ காலத்தில் ஹியூஸ்டன் கட்டுப்பாட்டு நிலையத்தின் பெருந்திரைகளை ஒளிரச் செய்தவை அவருடைய எண்ணெய் யந்திரங்களே. பின்னர் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று குழாய்களைக் கொண்ட புரொஜெக்டர்கள் வந்தன. அவற்றின் மூன்று படங்களும் ஒன்றன்மேல் ஒன்று இம்மியும் பிசகாது விழவேண்டும் என்பதற்காகத் தொழிலாளர் மணிக்கணக்கில் திருகுகளோடு மல்லாடினர். நம்முடைய கிராமங்களுக்கு அந்த ஆடம்பரம் எட்டவில்லை. எண்பதுகளிலே ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றர் வைத்து, முற்றத்தில் ஊரே கூடியிருந்து விடியவிடியப் படம் பார்த்ததுதான் நமக்குக் கிடைத்த பெருந்திரை; அதன் அகலம் இருபது அங்குலத்தைத் தாண்டியதில்லை.

பிரதானமான திருப்பம் 1987இல் நிகழ்ந்தது. அமெரிக்காவின் டெக்சஸ் இன்ஸ்ற்றுமென்ற்ஸ் நிறுவனத்தில் லாரி ஹோர்ன்பெக் என்னும் விஞ்ஞானி, விரல்நகமளவு சில்லொன்றின்மேல் இலட்சக்கணக்கான நுண்கண்ணாடிகளை நிறுத்தி, ஒவ்வொன்றையும் மின்விசையாற் சாய்க்கும் உபாயத்தைக் கண்டார். கையிற் கண்ணாடித் துண்டை வைத்து வெயிலைச் சுவரில் அடித்து விளையாடும் சிறுவனைப் போல, ஒவ்வொரு நுண்கண்ணாடியும் விநாடிக்குப் பல்லாயிரம் தடவை இப்பக்கமும் அப்பக்கமும் சாய்ந்து, ஒளியைத் திரைக்கு அனுப்புவதும் விலக்குவதுமாக இருக்கிறது. அனுப்பும் நேரம் அதிகமானால் அப்புள்ளி வெளிச்சமாகவும், குறைந்தால் மங்கலாகவும் நம் கண்ணுக்குப் புலப்படும். டிஎல்பி என்று பெயர் பெற்ற இம்முறையிலே 1999ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் திரைப்படம் காட்டப்பட்டபோது, நூறாண்டு ஆட்சி செலுத்திய படச்சுருளின் அந்திமகாலம் தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டிலும் இம்மாற்றத்துக்குத் துணைநின்றோர் வெளிநாட்டார் மாத்திரமல்லர். சென்னையில் ஜெயேந்திரா, செந்தில் குமார் முதலியோர் நடத்திய ரியல் இமேஜ் நிறுவனம், க்யூப் என்னும் டிஜிட்டல் முறையை இந்தியத் திரையரங்குகளிற் பரவச் செய்தது. அதே நிறுவனத்தின் எபிக் என்ற பெருந்திரை 2019இல், ஸ்ரீஹரிகோட்டாவுக்கு அண்மையிலுள்ள சூளூர்ப்பேட்டை என்னும் சிற்றூரில் 100 அடி அகலத்தில் எழுந்தது. பெருந்திரை பெருநகரத்துக்கே உரியது என்ற எண்ணத்தை அந்த ஊர் பொய்யாக்கியது.

அடுத்து வந்தது லேசர். பழைய புரொஜெக்டரின் விளக்கு சில ஆயிரம் மணிநேரத்திலே மங்கிவிடும். புதிய விளக்கின் விலையைக் கேட்டால் புரொஜெக்டரையே மாற்றிவிடலாம் போலத் தோன்றும். லேசரை ஒளிமூலமாகக் கொண்டவையோ 20,000 மணிநேரம் உழைக்கும் என்று விற்கப்படுகின்றன. இவற்றுட் பெரும்பாலானவற்றில் நீல லேசர் மாத்திரமே உண்டு. அந்நீலம் சுழலும் பொஸ்பர்த் தட்டொன்றிற் பட்டு மஞ்சளாகி, அதிலிருந்து ஏனைய நிறங்கள் பிரித்தெடுக்கப்படுகின்றன.

இத்தனை அபிவிருத்தி கண்டும் புரொஜெக்டரால் செய்ய இயலாத காரியம் ஒன்று இருக்கிறது. அதனால் கறுப்பை எறிய முடியாது. கறுப்பு என்பது ஒளியின் அபாவம். திரையோ வெள்ளைச் சீலை. படத்திற் கறுப்பாயிருக்க வேண்டிய இடத்தில், அந்த மண்டபத்திலே வேறு எவ்வழியாலோ புகுந்த வெளிச்சம் எவ்வளவோ அவ்வளவும் தெரியும். கணக்கிட்டுப் பார்த்தால் இது நன்கு விளங்கும். 5,000 லூமென் வலுவுள்ள நல்ல புரொஜெக்டரைக் கொண்டு நான்கு மீற்றர் அகலத் திரையை நிரப்பினால், திரையின்மேல் விழும் ஒளி ஏறத்தாழ 550 லக்ஸ். பட்டப்பகலில் மரநிழலிலே இருக்கும் வெளிச்சமோ 10,000 லக்ஸ் அளவினது. நேர்வெயில் ஓர் இலட்சம். பந்தலின் கீழ்ப் பகலிற் புரொஜெக்டர் வைப்பவர் யாரானாலும் தோற்பது நிச்சயம்.

எரிகின்ற ஒளி இவ்விடத்திலேதான் வெல்கிறது. எல்ஈடி திரையின் முகம் கறுப்பு. எரியாத விளக்கு கறுப்பாகவே நிற்கும். வெளிப்புறத்துக்கெனச் செய்யப்பட்டவை திரையரங்கின் வெண்திரையைவிட நூறு மடங்கு பிரகாசமாக ஒளிர வல்லவை. இதற்கு வேண்டிய நீல எல்ஈடியைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நாகமுரா என்ற மூவருக்கும் 2014ஆம் ஆண்டு பௌதிகத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. சிவப்பும் பச்சையும் முன்னரே கைவசம் இருந்தன. நீலமின்றி வெண்மை பிறவாது.

வாடகைக்காரர் பி-3.9 என்றும் பி-5 என்றும் பேசுவது, ஒரு விளக்குப் புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையிலுள்ள மில்லிமீற்றர் தூரத்தையே. அரை மீற்றர்ப் பெட்டியில் 128 புள்ளிகள் அமைந்தால் இடைவெளி 3.9 மில்லிமீற்றர். அவ்வாறாயின் மூன்று மீற்றர் அகலமுள்ள கல்யாணத் திரையில் குறுக்காக இருப்பவை 768 புள்ளிகளே. கைத்தொலைபேசியின் சிறு திரையில் இதனினும் அதிகம். முழு உயர்தெளிவுப் படத்தை ஒரு புள்ளியும் குறையாது காட்டவேண்டுமானால், திரை ஏழரை மீற்றர் அகலம் இருக்கவேண்டும். எத்தனை மில்லிமீற்றரோ அத்தனை மீற்றர் தள்ளியிருந்து பார்க்கலாம் என்பது வியாபாரிகளின் வாய்ப்பாடு. ஆனால் நல்ல கண்ணுக்குப் புள்ளிகள் முற்றாக மறைவதற்குப் பதின்மூன்று மீற்றர் வேண்டும். முன்வரிசைக் கதிரைகளைத் திரைக்கு மிக அருகிற் போட்டுப் பிரமுகர்களை இருத்துவோர், அவர்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு புள்ளிக்கோலத்தையே காட்டுகிறார்கள்.

திரையரங்குகளையும் எரிகின்ற ஒளி விட்டுவைக்கவில்லை. 2017இல் சியோல் நகரத்து அரங்கொன்றில் புரொஜெக்டர் இல்லாமலே பத்து மீற்றருக்குச் சற்று மேற்பட்ட அகலமுடைய சாம்சங் எல்ஈடி திரை பொருத்தப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே அது டில்லிக்கும் வந்தது. ஆயினும் ஓர் இடர்ப்பாடு முளைத்தது. பழைய சீலைத்திரையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. பின்னாலிருக்கும் ஒலிபெருக்கியின் ஒலி அவற்றினூடாக வருவதனால், பேசுகிறவனின் வாயிலிருந்தே பேச்சு வருவதாக நாம் மயங்குகிறோம். எல்ஈடி சுவரோ ஒலியை மறிக்கிறது. 2023 செப்டெம்பரில் லாஸ் வேகாஸில் திறக்கப்பட்ட ஸ்பியர் என்னும் கோளவடிவ அரங்கின் உட்புறத் திரை 1,60,000 சதுர அடி விஸ்தீரணமுள்ளது. அங்கே திரையினூடே ஒலி வருவதற்கென்று தனி ஏற்பாடே செய்யவேண்டியதாயிற்று.

இனிக் கண்காட்சி மண்டபத்தின் மாயையைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். அங்கே குளிரூட்டிய மண்டபம், விற்பவரே திட்டமிட்ட வெளிச்சம், விற்பவரே தெரிந்தெடுத்த படம். ஆழ்கடல் மீன்களும் வாணவேடிக்கையும் தேன்சிட்டும் மாறிமாறி வருகின்றன. கரும்பின்னணியில் நிறம் ஜொலிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். வெள்ளைத் தாளில் அச்சிட்ட எழுத்தையோ மனித முகத்தின் தோலையோ அவர்கள் எளிதிற் காட்டமாட்டார்கள், திரையின் குறைகள் முதலில் வெளிப்படுவது அவற்றிலேதான் ஆதலால். 1990களில் இன்ஃபோகொம் கண்காட்சியிலே ஒரு நல்ல வழக்கம் இருந்தது. பல கம்பனிகளின் புரொஜெக்டர்களைப் பக்கம் பக்கமாக நிறுத்தி, எல்லாவற்றுக்கும் ஒரே படத்தைக் கொடுத்து, பார்வையாளரையே ஒப்புநோக்கச் செய்தார்கள். என் அபிப்பிராயத்தில் கண்காட்சி என்னும் பெயருக்கு முழுத் தகுதியும் பெற்றது அந்த ஒரு மூலைதான்.

நம்முடைய தேசத்தின் இயல்போ வேறு. வாவியிலிருந்தும் கடலிலிருந்தும் வீசும் உப்புக்காற்றும், ஐப்பசி கார்த்திகையின் வாடைமழையும் மின்னிணைப்புகளை அரிக்கின்றன. மழைக்குத் தாங்கும் வெளிப்புறப் பெட்டியென்று கேட்டு வாங்காதவர் ஒரே மாரியில் பாடம் படித்துவிடுவார். பன்னிரண்டு சதுர மீற்றர்த் திரை முழு வெண்மையில் எரிந்தால் ஏறத்தாழ ஏழு கிலோவாற் மின்சாரம் வேண்டும். 2022இல் நாள்தோறும் பதின்மூன்று மணிநேரம் வரையில் மின்வெட்டை அனுபவித்த நாட்டிலே, ஜெனரேற்றரின் எரிபொருட் செலவையும் திரையின் வாடகையோடு சேர்த்தே எண்ணவேண்டும்.

மட்டக்களப்பின் தனிச்செல்வமாகிய கூத்துக்கு இத்திரை செய்வது என்ன என்பதிலே எனக்குச் சற்று மனக்குறை உண்டு. வட்டக்களரியில் தீப்பந்த ஒளியிலும் பின்னர்ப் பெற்றோமக்ஸ் ஒளியிலும் ஆடப்பட்ட வடமோடியும் தென்மோடியும், நாற்புறமும் இருந்தோர் அனைவருக்கும் ஒரே தூரத்தில் இருந்தன. ஏ-5 வீதி தொடங்குகின்ற அதே பேராதனையிலே 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் கூத்தை ஒருமுக மேடைக்குக் கொண்டுவந்தபோது, நேரத்தையும் ஆட்டத்தையும் அம்மேடைக்கென்றே செப்பனிட்டார்கள். இன்றோ யாதொரு யோசனையுமின்றிக் களரிக்கு அருகில் எல்ஈடி திரையை நிறுத்தி, அதிற் கூத்தரின் முகத்தைப் பன்மடங்காக்கிக் காட்டுகிறோம். கமராவிலிருந்து திரைக்குப் படம் சென்று சேர விநாடியின் ஒரு சிறு பங்கு தாமதமாகும். அண்ணாவியாரின் மத்தளம் காதில் விழுந்த பின்னரே ஆட்டக்காரரின் கால் திரையில் நிலத்தைத் தொடுகிறது. தாளமே உயிராகிய கலைக்கு இது சிறு குற்றமன்று. சடங்குக் காலத்தில் வீதியில் நிற்கும் பெருங்கூட்டத்துக்குக் கோயிலினுள் நடப்பதைக் காட்டத் திரை வேண்டும், களரியருகே வேண்டாம்.

பாடசாலைகளுக்கு இன்னும் ஏற்றது புரொஜெக்டரே. சன்னற்சீலை இழுத்துவிட்ட வகுப்பறையில், முன்சொன்ன 550 லக்ஸ் போதுமானதற்கும் மேல். 1981இல் கல்லூரியாக ஆரம்பித்து 1986இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையிலே நமக்கு அருகில் இருக்கிறது. அதைப் போன்ற நிலையங்களின் விரிவுரை மண்டபங்களுக்கும், எழுத்தையும் வரைபடத்தையும் அருகிருந்து படிக்கவேண்டிய மாணவருக்கும், புள்ளி புள்ளியாகத் தெரியும் மலிவான எல்ஈடி திரையைவிட லேசர் புரொஜெக்டர் எத்தனையோ மேலானது.

ஆகையால் திரை வாங்கவோ வாடகைக்கு அமர்த்தவோ எண்ணும் கோயிற் பரிபாலன சபையாருக்கும் அதிபர்மாருக்கும் நான் விடுக்கும் வேண்டுகோள் சிறியதே. கம்பனியின் படப்புத்தகத்தைப் பார்த்துத் தீர்மானிக்காமல், பிற்பகல் நான்கு மணிக்கு உங்கள் சொந்த வளவிலே திரையை நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகளின் முகமும் ஒரு பக்கத் தமிழெழுத்தும் உள்ள படத்தை நீங்களே கொடுங்கள். முன்வரிசையிலும் கடைசி வரிசையிலும் மாறிமாறி இருந்து பாருங்கள். இருட்டிய பின்னர்ப் பிரகாசத்தைக் குறைத்துக் காட்டச் சொல்லுங்கள். முற்பணத்தைப் பற்றி அதன் பின்பு பேசலாம்.